கடல் இல்லாத ஊரில் ஊசிகள்

எனக்குச் சீனி வருத்தம் இருப்பது பத்தொன்பது வயதில் தெரியவந்தது. அப்போது நாங்கள் மயிலிட்டியில் இருந்தோம். அப்பா கடலுக்குப் போகிறவர். சில மாதங்களில் நான் பாதியாக மெலிந்து, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, கடைசியில் குசினியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளிசை சரிவராது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட வேண்டும், ஆயுள் முழுக்கப் போட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். இது வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஒரு வருத்தம் என்று கதை பரவினால் வீட்டுப் படி ஏற ஆள் இருக்காது என்றார். நான் ஓம் என்றேன். எதற்கு ஓம் என்றேன் என்று அன்று எனக்கே சரியாகத் தெரியாது.

தொடையில் ஊசி போட ஒரு கிழமையில் பழகிவிட்டேன். பழகாதது, போட்டு முடிந்த ஊசியை என்ன செய்வது என்பதுதான். மயிலிட்டியில் அதை அப்பா பார்த்துக்கொண்டார். பால்மா வந்த தகர ரின் ஒன்றில் ஊசிகளைச் சேர்ப்பேன். ரின் பாதி நிறைந்ததும் அப்பா அதற்குள் கல் போட்டு, மூடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, வள்ளத்தில் கொண்டுபோய் விடுவார். வலை படாத ஆழத்தில் போட்டேன் என்று மட்டும் சொல்வார். கடலில் போடுவது சரியா பிழையா என்று நான் யோசித்ததே இல்லை. போடுவது என் வேலை, இல்லாமல் செய்வது அவர் வேலை என்று இருந்துவிட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மூண்டபோது ஊரைவிட்டு ஓடினோம். வள்ளம், வலை, வீடு எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் கடைசியில் உடுவிலில் ஒரு தோட்டக்காரர் வீட்டுப் பக்கத்து அறையில் வந்து ஒதுங்கினோம். வீட்டுக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். தன்னை மாமி என்று கூப்பிடச் சொன்னவர் அந்த மனைவியேதான். வீட்டுக்காரரை என்னவென்று கூப்பிடுவது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் ஐயா என்றேன்.

நல்ல மனிதர்கள். ஆனாலும் கரையோரத்து ஆட்கள் நாங்கள், அவர்களோ தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்கிறவர்கள். அவர்களுடைய கிணற்றில் அள்ளிக் குளிப்பதற்கே அம்மா முதல் மாதம் கூச்சப்பட்டார். இந்த நிலையில் எங்கள் வீட்டில் ஒரு வருத்தக்காரி இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மின்சாரம் இல்லாததால் இன்சுலின் போத்தலை ஈரமணல் நிரப்பிய ஒரு மண் முட்டிக்குள் புதைத்து வைத்திருந்தோம். அந்த முட்டி எதற்கு என்று மாமி கேட்டபோது, அப்பாவின் முழங்காலுக்குப் பூசும் எண்ணெய் சூட்டில் பழுதாகாமல் இருக்க என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு மாமியைக் கண்டால் அப்பா கொஞ்சம் நொண்டி நடக்க வேண்டியதாயிற்று.

மருந்துக்கும் தட்டுப்பாடு, ஊசிக்கும் தட்டுப்பாடு. ஒரு பிளாஸ்ரிக் ஊசியை இரண்டு கிழமை, சில வேளை மூன்று கிழமை, முனை மழுங்கி தோல் நோகும்வரை பாவிப்பேன். அப்படி முதல் ஊசி மழுங்கிய அன்று அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தையும் வேலியையும் மாறிமாறிப் பார்த்தார். கடல் இல்லாத ஊரில் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பி என்னிடமே தந்துவிட்டார்.

நான் அதைக் கடதாசியில் சுற்றி, வீட்டின் பின்னால் குப்பை போட வெட்டியிருந்த கிடங்கில் சாம்பலோடு சேர்த்துப் போட்டேன். அடுத்ததையும், அதற்கடுத்ததையும் அப்படியே செய்தேன். எல்லாமாக மூன்று. ஒரு நாள் ஐயா அந்தக் கிடங்கை வெட்டி, உக்கிய குப்பையைக் கடகத்தில் அள்ளிக்கொண்டுபோய் வெங்காயம் நடும் தறையில் வெறுங்காலோடு பரப்புவதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் குப்பை என்றால் போய்விட்ட சாமான். இந்த ஊரில் அது திரும்பவும் தோட்டத்துக்குப் போகிறது என்பதை அந்தக் கணம்வரை நான் யோசிக்கவில்லை. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். நான் அறைக்குள் போய்ப் பாயில் இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஊசிகளை ஒரு ஜாம் போத்தலில் சேர்த்தேன். போத்தல் நிறைய நிறைய என் குழப்பமும் கூடியது. மருந்து எடுக்கப் போகும் டிஸ்பென்சரியில் வருத்தம் பார்த்து மருந்து தரும் அப்போதிக்கரியிடம் ஒரு நாள் கேட்டேன். வயதான, பொறுமையான மனிதர். தங்களிடம் சேருவதையே பின்னால் கிடங்கில் போட்டு எரிப்பதாகவும், எரிக்க மண்ணெண்ணெய் இல்லாததால் அதுவும் குவிந்து கிடப்பதாகவும், நாய்கள் வந்து கிளறுவதாகவும் சொன்னார். கொண்டுவந்து தந்தால் வாங்குவேன், ஆனால் வாங்கி என்ன செய்வேன் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன் என்றார். அங்கே இருந்த மருத்துவத்தாதி, ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடு என்றார். மருந்துக்கு வந்து நின்ற இன்னொருவர் கக்கூசுக் குழிக்குள் போடச் சொன்னார். அது அடுத்தவர் வீட்டுக் கக்கூசு. அம்மா எரிக்கச் சொன்னார். ஒன்றை அடுப்பில் போட்டுப் பார்த்தேன். பிளாஸ்ரிக் உருகி நாறியது. ஊசி மட்டும் கறுத்துப் போய்ச் சாம்பலுக்குள் அப்படியே கிடந்தது. அந்த நாற்றம் என்ன என்று மாமி கேட்டார். பழைய சீப்பு அடுப்பில் விழுந்துவிட்டது என்றேன். பொய் சொல்வது எங்கள் வீட்டில் உப்புப் போடுவதுபோல ஆகிவிட்டது.

தை மாதம். மழை விட்டு, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் காலம். பம்புக்கு எண்ணெய் இல்லை, துலாவால்தான் இறைத்தார்கள். கூலிக்கு வந்த ஒருவர் துலாவில் நிற்க, ஐயா மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திறந்து தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஒற்றைக் காலில் நின்றார். பிறகு குதியை உயர்த்தி நொண்டிக்கொண்டே வந்து கிணற்றுக் கட்டில் இருந்தார். மாமி ஓடிவந்து குனிந்து பார்த்து, நகத்தால் பிடித்து இழுத்தார்.

ஊசி. சேறு பூசிய, முழு நீள ஊசி. மாமி அதைக் கழுவிக் கல்லில் வைத்தார்.

என்னுடையது என்றே நினைத்தேன். ஆனால் நன்றாகப் பார்த்தபோது அது என்னுடையது இல்லை. என்னுடையவை மயிர்போல மெல்லியவை, விரல் நகத்தளவு நீளமானவை, பிளாஸ்ரிக்கோடு ஒட்டியவை. இது விரல் நீளம், தடிப்பு, அடியில் பித்தளைக் குமிழ். என்னுடையது இல்லை என்று மனம் கூத்தாடியது. அடுத்த கணமே, என்னுடைய மூன்றும் அதே தறைக்குள்தானே கிடக்கின்றன என்று நினைவு வந்தது. நான் குற்றவாளியா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை.

மாமி, சத்தம் கேட்டு வந்த அம்மாவையும் என்னையும் பார்த்துக் கேட்டார்.

"உங்கடை ஆக்கள் ஆரும் ஊசி பாவிக்கிறனீங்களோ?"

அம்மா எனக்கு முன்னால் வந்து நின்று, "இல்லை அக்கா" என்றார். ஐயா தலையைக் குனிந்து குதியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒரு காலால் மிதித்தபடி, இரும்பு குத்திய காயத்துக்கு ஏற்பு ஊசி போட டிஸ்பென்சரிக்குப் போனார்.

அன்று பின்னேரம் அவர்கள் இருவரும் வீட்டுக்குள் இருந்த நேரம் நான் தறைக்குள் இறங்கினேன். மயிலிட்டியிலிருந்து அப்பா காவி வந்த உடைந்த ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர்க் காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டியிருந்தேன். அறையில் வைத்து ஒரு பழைய ஊசியில் சோதித்துப் பார்த்தபோது காந்தம் அதை இழுத்ததா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கிட்ட வைத்தால் லேசாக அசைந்தது. என் கை பட்டும் அசைந்திருக்கலாம். ஆனாலும் வேறு வழி தோன்றவில்லை. வரம்பில் குந்தியிருந்து, பாத்தி பாத்தியாகக் காந்தத்தை வெங்காயத் தாள்களுக்கு இடையில் இழுத்துக்கொண்டு போனேன். துருப்பிடித்த ஆணி வந்தது. முறிந்த சவர அலகு வந்தது. கூரிய ஓரங்களோடு, எப்போதோ விழுந்து வெடித்த செல் துண்டுகள் இரண்டு வந்தன. இத்தனைக்கும் மேலால்தான் இந்த மனிதர் வருடக்கணக்காக வெறுங்காலோடு நடக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. என்னுடைய ஊசி ஒன்றுகூட வரவில்லை.

"என்ன பிள்ளை தேடுறாய்?"

நிமிர்ந்தேன். காலில் துணி சுற்றிக்கொண்டு ஐயா வரம்பில் நின்றார். சொல்வதற்குப் பொய் ஒன்றைத் தேடினேன். அன்றைக்கென்று ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்ரை ஊசி ஐயா. மூண்டு ஊசி. போன வருசம் உங்கடை குப்பைக் கிடங்குக்கை போட்டிட்டன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சீனி வருத்தம், இன்சுலின், முட்டிக்குள் இருப்பது எண்ணெய் இல்லை என்பது, அப்பாவின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்பது, எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அறையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

"என்ரை காலிலை ஏறினது உன்ரை ஊசியில்லைப் பிள்ளை. அது மாட்டு ஊசி. பசுவுக்கு மருந்து போட வந்தவர் விட்டிட்டுப் போனது. நான்தான் கிடங்குக்கை எறிஞ்சனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்தபோதே அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, மாமி எங்களை விசாரித்தபோது குனிந்துகொண்டிருந்திருக்கிறார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். மாமியின் வாய்க்குப் பயந்துதான் முதலில் பேசாமல் இருந்தாராம். அம்மா இல்லை என்று சொன்ன பிறகு, சொல்ல இன்னும் வெட்கமாகப் போய்விட்டதாம். இதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் என்னைப் போலவே ஒளித்துக்கொண்டு நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

மாமிக்குச் சொல்லாமல் முடியாது என்று அவரே முடிவெடுத்தார். இருவருமாகப் போய்ச் சொன்னோம். மாமி மாட்டு ஊசிக்காக அவரை ஏசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முதலில் கேட்டது, "உந்த வருத்தம் தொத்துமோ?" என்பதுதான். தொத்தாது என்றேன். அடுத்த நாள் அப்போதிக்கரியிடம் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தார். சீனி வருத்தம் தொற்றாது, ஆனால் ஊசியில் பட்ட இரத்தத்தால் கண் மஞ்சளாகும் செங்கமாரி போன்ற வேறு வருத்தங்கள் தொற்றக்கூடும், யாருடைய ஊசி என்றாலும் தொடக் கூடாது, கீழே போடக் கூடாது என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குச் செங்கமாரி வந்ததில்லை. எனக்குத் தெரிந்தவரை இல்லை. அந்த 'தெரிந்தவரை' என்ற சொல் கன நாள் என் தலைக்குள் கிடந்து உருண்டது.

மாமி அம்மாவோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. ஊசிக்காக இல்லை, முட்டிக்காகத்தான். அந்த எண்ணெயில் கொஞ்சம் தன் முழங்காலுக்கும் தரச் சொல்லி ஒரு முறை கேட்டு, அம்மா ஏதோ சாட்டுச் சொல்லி மறுத்திருந்தாராம்.

போத்தலை என்ன செய்வது என்று ஐயாவும் அப்பாவும் மூன்று நாள் யோசித்தார்கள். அதற்கு முன் அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்து கதைத்து நான் பார்த்ததில்லை. வளவின் மூலையில் பாவிக்காத பழைய கிணறு ஒன்று கிடந்தது. அதற்குள் போடலாம் என்றார் அப்பா. ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. கீழே எல்லாக் கிணற்றுக்கும் தண்ணீர் ஒன்றுதான், அதற்குள் ஒன்றும் போட விடமாட்டேன் என்றார். அப்பா தயங்கித் தயங்கி, கடலும் ஒன்றுதானே என்று முணுமுணுத்தார். ஊரை விட்டு வந்த பிறகு அவர் கடலைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் சுண்ணாம்பு என்று முடிவாயிற்று. சீமெந்து கண்ணால் காண முடியாத காலம். சூளைச் சுண்ணாம்பு மட்டும் கிடைத்தது. ஐயா அதை மணலோடு குழைத்தார். தடித்த பால்மா ரின் ஒன்றில் ஊசிகளைக் கொட்டி, மேலே சாந்தை விட்டு, ஒரு தடியால் குத்திக் குத்தி இறக்கினார்கள். மாட்டு ஊசியையும் ஐயா தன் கையாலேயே அதற்குள் போட்டார். நிழலில் வைத்து ஒரு மாதம் காயவிட்டோம். மேல் இறுகியது. உள்ளே இறுகியதா என்று யாருக்கும் தெரியாது. செல் விழும்போது பதுங்க வெட்டிய பழைய பங்கர் ஒன்று வேலிக்கரையில் இடிந்து கிடந்தது. அதன் அடியில், மண்வெட்டி எட்டாத ஆழத்தில் ரின்னை வைத்து, கல்லும் மண்ணும் போட்டு நிரவினார்கள். தண்ணீருக்கு அது எட்டுமா எட்டாதா என்று ஐயா எங்களுக்கும் தனக்கும் பல முறை கேட்டுக்கொண்டார். இது சரியான வழியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என்னுடைய மூன்று ஊசிகளும் கடைசிவரை அகப்படவில்லை. வெங்காயம் கிண்டியபோது மாமி கூலிப் பெண்களுக்குக் கையால் இழுக்க வேண்டாம், முள்ளுக்கரண்டியால் கிண்டிவிட்டு எடுங்கள் என்று சொல்லிக்கொண்டு கூடவே நின்றார். ஐயா அன்றிலிருந்து ரயரில் வெட்டிய செருப்போடு தறைக்குள் இறங்கினார். தோட்டத்துக்குள் செருப்போடு போவது அங்கே பழக்கமில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டதற்கு, காலில் ஆணி என்று சொன்னார். என்னைப் பற்றி அவர் வெளியே ஒரு சொல் சொன்னதில்லை.

அந்த ஆவணியில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்து அச்சுவேலியில் இருந்த குடும்பம். பொருத்தம் பார்த்து, வந்து பார்த்து, பலகாரம் சாப்பிட்டு, சிரித்துக் கதைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமை கழித்து, சாதகத்தில் ஏதோ பிழை இருக்கிறது என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். முதலில் பொருந்திய சாதகம் பிறகு எப்படிப் பிழைத்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. மாமிதான் சொல்லிவிட்டார் என்று அம்மா அடித்துச் சொன்னார். நான் நேரே மாமியிடம் போனேன். அவர் அடுப்படியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லை" என்றார். துருவுவதை நிறுத்தவில்லை. மற்றப் பாதியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆனால் சொல்லியிருக்க வேணும் எண்டு நினைச்சனான். அந்தப் பெடியனுக்கும் தெரியத்தானே வேணும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அறைக்குத் திரும்பி வந்தேன். அவரை நம்புவதா என்று தெரியவில்லை. நம்பினாலும், அவர் சொன்ன இரண்டாவது சொல்லுக்குப் பதில் என்ன என்று தெரியவில்லை. வருத்தத்தை ஒளிப்பதையும், யாரோ வெறுங்காலோடு நடக்கிற தறைக்குள் கடதாசியில் சுற்றி ஊசி போட்டதையும் சேர்த்து யோசித்துப் பார்த்தேன். இனி வருகிறவர்களிடம் நானே முதலில் சொல்வேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு, உன் விருப்பம் என்றார்.

அப்படிச் சொன்னதும் போனவர்கள் இரண்டு குடும்பம். மூன்றாவதாக வந்தவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். பெரியவர்கள் முற்றத்தில் கதைத்துக்கொண்டிருக்க, அவரைக் கிணற்றடியில் மறித்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன வருத்தம், எத்தனை ஊசி, பிள்ளை பெறுவதில் சிக்கல் வரலாம் என்று டொக்ரர் சொன்னது வரைக்கும் சொன்னேன். அவர் எண்ணெய்க் கறை போகாத கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். பயப்படுவார் அல்லது இரக்கப்படுவார் என்று இரண்டுக்கும் என்னைத் தயாராக்கி வைத்திருந்தேன்.

"அப்ப போட்டு முடிஞ்ச ஊசியளை எங்கை போடுறனீங்கள்?" என்று கேட்டார்.

தடுமாறித் தடுமாறிச் சுண்ணாம்பு ரின்னைப் பற்றிச் சொன்னேன். சாந்துக்கு எத்தனை பங்கு மணல் என்று கேட்டார். தெரியாது, ஐயாவைக் கேட்க வேண்டும் என்றேன். தலையாட்டிவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். சம்மதமா இல்லையா என்று விளங்காமல் நான் கிணற்றடியிலேயே நின்றேன்.

கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இப்போது கேட்டால், அப்படி ஒன்றும் தான் கேட்கவில்லை, சாதகம் பொருந்தியதா என்றுதான் கேட்டேன் என்கிறார்.